தொண்ணூற்றேழாம் பக்கம்

நான் மர்சூக். கல்முனையில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். பேரை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும். எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, றுமானாவைப் பற்றி. ஐந்து வருடம் என் அச்சகத்தில் கணினிக்கு முன்னால் இருந்த பிள்ளை. ஒரு நாவல் எழுதினாள். அந்த நாவல் இன்று இல்லை. இல்லாமல் போனது என்னால்.

உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி கொஞ்சம் காணாமல், மருதமுனையிலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டியில் வேலை கேட்டு வந்தாள். வந்த முதல் நாளே சண்டை. ஒரு கலியாணக் கார்டில் மாப்பிள்ளையின் வாப்பா பேரும் பொம்பிளையின் வாப்பா பேரும் இடம் மாறிக் கிடந்ததைப் பிடித்துவிட்டாள். ஐந்நூறு கார்ட் அடித்து அடுக்கிய பிறகு!

"இதை முதல்ல சொன்னா என்ன?" என்று கத்தினேன்.

"நான் இப்பதானே காக்கா வந்த," என்றாள். அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிக்கவில்லை. என் வாய் ஊரறிந்த வாய், ஏசினால்தான் எனக்குச் சோறு இறங்கும். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள். நான் கத்தி முடிக்கும் வரை பாலில்லாத இஞ்சிப் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "முடிஞ்சா? அப்ப இந்த ஜனாசா அறிவித்தலைப் பாருங்க, மையித்துட பேரை விட்டுட்டு எழுதித் தந்திருக்காங்க," என்று ஒரு மரண அறிவித்தலை நீட்டுவாள்.

எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே தேர்தலில் எதிரும் புதிருமாக நிற்கிற இருவருக்கும் ஒரே நாளில் போஸ்டர் அடிப்போம். ஒருவருடையதை மற்றவர் கண்ணில் படாமல் சாக்கால் மூடி வைப்பது றுமானாவின் வேலை. மேடையில் ஒருவரையொருவர் கிழித்த ஆட்கள் எங்கள் பின் அறையில் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்ததை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். எந்த வட்டாரத்தில் எவர் பேரை வெட்ட வேண்டும், எவரை எவரோடு மோதவிட வேண்டும் என்று அவர்கள் கதைப்பதெல்லாம் அவள் காதில் விழும்.

"இவங்கட சூழ்ச்சிய அப்படியே எழுதினா ஆரும் நம்பமாட்டாங்க காக்கா," என்றாள் ஒரு நாள். "வேற உலகத்துல நடக்கிற எண்டு எழுதினாத்தான் நம்புவாங்க."

"எழுதன், ஆரு வேணாமெண்ட?" என்றேன், சும்மா.

அவள் சும்மா எடுக்கவில்லை. வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் கூடுதலாக இருந்து, என் கணினியிலேயே நேரே தட்டத் தொடங்கினாள். வீட்டில் கணினி இல்லை. கையால் எழுதிய பிரதியும் இல்லை. ஒரு பென்டிரைவ் இருந்தது, அதையும் அச்சகச் சாவியோடு சுவர் ஆணியில்தான் தொங்கவிடுவாள். இரண்டு வருடம் அப்படிப் போனது.

நாவலின் பேர் 'நன்னீர் ஏடு'. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் வாசிக்க என்று எழுதினாள். இன்னும் நூற்றைம்பது வருடம் கழித்து நடக்கிற கதை. கரையெல்லாம் கடல் எடுத்துவிட்டது. எங்கள் சனம் கடலுக்கு மேலே மிதக்கிற ஒரு பட்டினத்தில் குடியிருக்கிறது. அங்கேயும் குடிகள் இருக்கின்றன, குடிக்குத் தலைவராக ஒரு மரைக்கார் இருக்கிறார், எல்லாருக்கும் மேலே ஒரு பெரிய மரைக்கார் இருக்கிறார். ஓர் இயந்திரம் குடிகளின் ஏட்டை வைத்திருக்கிறது. ஏட்டில் பேர் உள்ளவனுக்குத்தான் குடிக்கிற தண்ணீர். ஹஸ்னா என்று பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி, தன் குடியையே அந்த ஏட்டிலிருந்து அழிக்கப் போகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்கிறாள்.

"இதென்ன புள்ள, மீன் கப்பலா, பள்ளிவாசலா?" என்று சிரித்தேன். பிறகு ஓர் அத்தியாயத்தை வாசித்துப் பார்த்தேன். நின்ற நிலையில் மூன்று அத்தியாயம் போய்விட்டது, பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதுகூடக் கேட்கவில்லை. மாஷா அல்லாஹ், என்ன மூளை! அவளிடம் மட்டும் சொல்லவில்லை. "பரவாயில்ல" என்றேன். அதற்கே அவள் முகம் விரிந்தது.

இதிலே ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் குடி என்பது கதையில் மட்டும் உள்ளதல்ல. தாய்வழியாக வருகிற குடி, குடிக்கு ஒரு மரைக்கார், அந்த மரைக்கார்மார் சேர்ந்துதான் பள்ளிவாசல் நிர்வாகம். றுமானாவின் வாப்பா சீனிமுகம்மது காக்கா, ஒலுவில் துறைமுகத்தில் போட் எஞ்சின் திருத்துகிறவர். மருதமுனையில் இருந்தாலும் அவர்களுக்கும் பள்ளி எங்களுடையதுதான், ஆனால் அவருடைய குடிக்கு அதில் இதுவரை மரைக்கார் இல்லை. பிந்தி வந்து குடியேறியவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். "முந்நூறு குடும்பம் இருக்கிறம். எங்களுக்கு ஒரு பேர் இல்லையா?" என்பதுதான் அவர் பன்னிரண்டு வருடமாகக் கேட்ட கேள்வி. நாவல் முடிந்த அந்த வருடம் நிர்வாகம் இறங்கி வந்தது. அவர்கள் குடிக்கும் ஓர் இடம், அதற்கு சீனிமுகம்மதுவே பொருத்தம் என்று பேச்சு முற்றாகி வந்தது.

புத்தகத்தை நானே அடித்துத் தருவதாக ஏற்றுக்கொண்டேன். வேலை குறைந்த நேரங்களில் பதினாறு பதினாறு பக்கமாக அடிப்பது என்று முடிவு. வெளியீட்டுக்கு நூலக மண்டபத்தைப் பேசிவிட்டோம். எங்கள் ஊரில் முதல் பிரதியைக் காசுக்காரர் ஒருவருக்குத்தான் மேடையில் கொடுப்பது. நான் இரண்டு முதலாளிமாரின் பேரைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டவில்லை.

"முதல் பிரதி வாப்பாக்கு. வாப்பா ஒரு நாளாவது மேடையில ஏறட்டும்."

இன்னொன்றும் கேட்டாள். "காக்கா, பேர் இருக்கிற பக்கத்தை முதல்ல அடிப்பமா? எனக்கு ஒருக்காப் பாக்கணும் போல கிடக்கு."

"விசரா உனக்கு? பேர்ப்பக்கம் எப்பவும் கடைசியிலதான். அதுதான் தொழில் முறை," என்று பாய்ந்தேன். உண்மைதான், முறை அதுதான். முன்பக்கங்களில் கடைசி நேரம் வரை ஏதாவது மாறும், அதனால் கடைசியில் அடிப்போம். ஆனால் அந்தப் பிள்ளைக்காக ஒரு தாள் அடித்திருந்தால் என் மெசின் உடைந்தா போயிருக்கும்? அதோடு விட்டேனா? ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் நாவலின் பேரைப் போட்டிருந்தாள். இடம் போகிறது, தாள் தட்டுப்பாடான நேரம் என்று அதையும் எடுக்க வைத்தேன். பக்க எண் மட்டும் மிஞ்சியது.

அந்தத் தட்டுப்பாட்டில் தாள் தங்கமாக இருந்தது. மை சரியாகப் பிடிக்கும் வரை வீணாகிற தாளைக்கூட எறிய மாட்டேன். பாண்டிருப்பு கனகேஸ்வரியக்கா சந்தையடியில் கடலை விற்கிறவர். அந்தத் தாள்களை அவருக்குத்தான் கொடுப்பது. கடலைக்குக் கூம்பாகச் சரை சுற்ற வசதியாக மெசினில் பக்கம் பக்கமாக வெட்டியே கொடுப்பேன்.

"என்ட கதைத் தாளைக் குடுக்காதீங்க காக்கா, சின்னதாக் கிழிச்சிப் போடுங்க," என்று றுமானா இரண்டு தரம் சொன்னாள். ஓம் ஓம் என்றேன். கை பழக்கப்பட்ட வேலையைச் செய்தது.

ஏழாவது பதினாறு பக்கத்தை அடித்த நாளில் மை படுத்தாத பாடு படுத்தியது. நாற்பது தாளுக்கு மேல் வீண். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறுமை. எல்லாவற்றையும் அழகாக வெட்டிக் கனகேஸ்வரியக்காவின் பையில் போட்டேன். தொண்ணூற்றேழாம் பக்கம் அப்படித்தான் ஊருக்குள் போனது. அதில் இருந்தது இதுதான்:

'பெரிய மரைக்கார் கதவைச் சாத்தினார். "தேர்தலுக்கு முன் அந்தக் குடியின் பேரை ஏட்டிலிருந்து எடுத்துவிடு," என்றார். "முந்நூறு குடும்பம் இருக்கிறதே," என்றான் ஏட்டைப் பார்க்கிற எழுத்தன். "பேர் இல்லாவிட்டால் குடும்பம் ஏது? கேட்டால் ஏடு அழுகிப்போனது என்று சொல். பங்கில் உனக்கும் உண்டு."'

அதே தாளில் வேறு பக்கங்களும் போயின. ஒன்றில் ஹஸ்னா மிதக்கும் பட்டினத்துக்கு அடியில் நீந்திப் போகிறாள். அதை எவரும் படம் பிடிக்கவில்லை. தொண்ணூற்றேழைத்தான் பிடித்தார்கள். அடுத்த மூன்று பதினாறையும் நான் அடித்து முடித்த வாரம், வியாழக்கிழமை யாரோ கடலையைத் தின்றுவிட்டுச் சரையை விரித்து வாசித்திருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிவதற்குள் எல்லாருடைய போனிலும் அது இருந்தது. எழுதியவன் பேர் இல்லை, அடித்த இடம் இல்லை, ஒரு பக்கம் வெறுமை. மொட்டைப் பிரசுரம் என்று ஒரே நிமிடத்தில் தீர்ப்பாகிவிட்டது. தேர்தல் காலத்தில் எங்கள் ஊர் கண்டது அதைத்தானே! கீழே இருந்த பக்க எண்ணையும் விடவில்லை. "97ஆம் ஆண்டு நடந்த சங்கதியைச் சொல்றான்" என்றார் ஒருவர். "அந்த வருசம்தான் பள்ளிப் பழைய ஏட்டைக் கறையான் திண்ட எண்டவங்க" என்றார் இன்னொருவர். கதையில் வந்த பெரிய மரைக்கார் எங்கள் பள்ளித் தலைவர் மீராசாஹிபு ஹாஜியார் ஆனார். முந்நூறு குடும்பம் என்று எண்ணிச் சொல்கிற ஆள் ஊரில் ஒருவர்தானே? சீனிமுகம்மது காக்கா பழிகாரர் ஆனார்.

வெள்ளி அசருக்குப் பிறகு ஹாஜியார் அச்சகத்துக்கு வந்தார். கையில் அந்தத் தாள். கடலை எண்ணெய் ஊறியிருந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, எல்லாம் வெளியே வந்திருக்கும்.

"மர்சூக், இது உன்ட மெசினில அடிச்சதா?"

பள்ளி நாட்காட்டி, நோன்புக் கால அட்டவணை, அவருடைய மருமகனின் தேர்தல் வேலை, எல்லாம் என் மெசினில்தான். கதவுக்கு அந்தப் பக்கம் றுமானா இருக்கிறாள், தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"இல்ல ஹாஜியார். என்ட அச்செழுத்து இப்படி இரிக்காது."

"நாயிறு பள்ளியில விசாரணை. அடிச்சவனை ஊர் சும்மா விடாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து வருடம் என் ஏச்சுக்கெல்லாம் அசையாத பிள்ளை அன்றைக்குத்தான் எழுந்து வந்து என் முகத்தை நேரே பார்த்தாள்.

"காக்கா, அது கதை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"பயந்துட்டன் புள்ள."

"சரி. நாயித்துக்கிழமை சொல்லுங்க. அடிச்ச தாள் முழுக்கக் கொண்டு வந்து காட்டுங்க. முன்னுக்குப் பின்னுக்கு வாசிச்சா எல்லாருக்கும் விளங்கும். வாப்பாட்ட இப்ப போய்ச் சொல்லவா, மர்சூக் காக்கா கொண்டு வருவார் எண்டு?"

"சொல்லு. நானே கொண்டு வாறன்," என்றேன். மனதாரச் சொன்னேன், அல்லாஹ் அறிவான்.

சனிக்கிழமை பகல் ஒருவன் வந்து காதில் போட்டான்: பொலிசில் முறைப்பாடு போகிறதாம், அச்சகங்களைச் சோதிப்பார்களாம், மெசினுக்குச் சீல் வைப்பார்களாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மூன்று பிள்ளைகளின் முகம் வந்தது, மெசினின் கடன் வந்தது. றுமானா விடுமுறையில் இருந்தாள். கதவைச் சாத்தினேன். அடித்து அடுக்கியிருந்த நூற்றறுபது பக்கத்தையும் வெட்டும் மெசினில் வைத்தேன். கட்டுக் கட்டாக இறங்கியது. விரல் அகலத்தில் நறுக்கி மூட்டையாகக் கட்டினேன். அச்சுப் பிளேட்டுகளைச் சுரண்டினேன். கணினியில் இருந்த கோப்பை அழித்து, அழித்ததையும் அழித்தேன். ஆணியில் தொங்கிய பென்டிரைவை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிட்டங்கிப் பாலத்துக்குப் போய் ஆற்றில் எறிந்தேன். பட்டப்பகல். ஒருவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான், "என்ன காக்கா, மீன் பிடிக்கவா?" என்று கேட்டான். ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் கூட்டம். சீனிமுகம்மது காக்கா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நகத்தில் கிறீஸ் கறை மட்டும் போகவில்லை. எழுந்து நின்றார். குரலில் நடுக்கம் இல்லை. அவருக்கென்ன, சாட்சி இருக்கிறது என்ற தைரியம்.

"இது மொட்டைக் கடதாசி இல்ல. என்ட மகள் எழுதின கதை. புள்ளைகள் வாசிக்கிற கதை. புத்தகமா அடிச்சிக்கிட்டிருக்கு. முழுத் தாளும் மர்சூக் தம்பிக்கிட்ட இருக்கு. கொண்டு வந்திருக்கார்."

எல்லாத் தொப்பியும் என் பக்கம் திரும்பியது. என் கை இரண்டும் வெறுமையாக மடியில் கிடந்தன.

"இருக்கா மர்சூக்?" என்றார் ஹாஜியார்.

"இல்ல," என்றேன்.

பொய் சொல்லவில்லை என்று அந்த ஒரு கணம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை பகல் வரை இருந்தது, ஞாயிறு இல்லை. இப்படியும் ஓர் உண்மை! தூ!

சீனிமுகம்மது காக்கா என்னை ஏசவில்லை. "தம்பி, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க," என்றார், எஞ்சினில் எங்கே பிழை என்று கேட்கிற மாதிரி பொறுமையாக. நான் பாயைப் பார்த்தபடி இருந்தேன். பின்னாலிருந்து ஒருவன், "அல்லாஹ்ட வீட்டில நிண்டு பொய் சொல்றாரே," என்றான். அவரைச் சொன்னான், என்னையல்ல. அவர் சுற்றிவர ஒருமுறை பார்த்தார். "நான் விலகிக்கிறன்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். அந்தக் குடிக்கு மரைக்கார் கிடைக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

திங்கட்கிழமை காலை றுமானா வழமையான நேரத்துக்கு வந்தாள். கணினியைத் திறந்து தேடினாள். ஆணியைப் பார்த்தாள். தாள் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்தாள். அழுதிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவள் கணினியை நிறுத்தி, தூசி படாமல் துணியால் மூடிவிட்டுத் திரும்பினாள்.

"கடைசியில அவங்களால ஹஸ்னாவ அழிக்க ஏலாமப் போயிடும் காக்கா," என்றாள். "அப்படித்தான் நான் எழுதியிருந்த."

ஸ்கூட்டி போகிற சத்தம் கேட்டது. அவள் தொடாமல் விட்ட இஞ்சிப் பிளேன்டீயை நான்தான் எடுத்து ஊற்றினேன்.

எட்டு மாதம் கழிந்தது. ஒருநாள் கனகேஸ்வரியக்கா பழைய தாள் கேட்டு வந்தவர், போகாமல் நின்றார்.

"தம்பி, அந்தக் கதைத் தாள் இப்ப வாறல்லயே. அந்தப் பிள்ளை ஹஸ்னா தண்ணிக்குள்ள போனாவே, பிறகு என்ன ஆனா?"

"நீங்க எப்படியக்கா...?"

"சரை சுத்தக்குள்ள வாசிப்பன். நல்ல கதை, சுத்த மனம் வரல்ல. ஒவ்வொரு பக்கத்திலயும் ஒண்டை எடுத்து வெச்சிருக்கன்."

கடலைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தந்தார். இருபத்து மூன்று பக்கம். என்னை விட்டால் உலகத்தில் அந்த நாவலை விரும்பி வாசித்த ஒரே வாசகி அவர்தான். நான் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். கல்நெஞ்சன் மர்சூக் கடலைக்காரி முன்னால் அழுகிறான் என்று தெருவே பார்த்தது, பார்க்கட்டும்!

அந்த இருபத்து மூன்றையும் ஓர் உறையில் போட்டு மருதமுனைக்குப் போனேன். பள்ளியில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் அந்த வாசலுக்குப் போயிருக்க வேண்டும். அந்தத் துணிவு அன்றைக்கு இல்லை. இப்போதுகூட எழுதத்தான் வருகிறது.

றுமானா கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. உறையைக் கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஹஸ்னா நீந்துகிற பக்கத்தில் அவள் விரல் கொஞ்சம் நின்றது. கடைசி வரை பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"பேர் இருக்கிற பக்கம் இல்லையா?"

"இல்ல புள்ள. அது... கடைசியாத்தானே அடிக்கிற."

அவள் தாள்களை ஒழுங்காகத் தட்டி, உறைக்குள் போட்டு, என் கையில் திருப்பித் தந்தாள்.

"பேர் இல்லாத தாள் இந்த வீட்டுக்கு வேணாம் காக்கா. இதாலதானே வாப்பாக்கு அப்படி நடந்த."

உள்ளேயிருந்து சீனிமுகம்மது காக்காவின் குரல் கேட்டது. "ஆரு புள்ள வாசல்ல?"

றுமானா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"ஆருமில்ல வாப்பா."

கதவைச் சாத்தினாள்.